நாற்பது வயதுக்காரரை எங்கே ஒளித்து வைப்பது?

2025 ஏப்ரல் 27, மினியாபொலிஸ் நகரின் டார்கெட் சென்டர் அரங்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கும் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸுக்கும் முதல் சுற்றின் நான்காவது ஆட்டம். இடைவேளை முடிந்ததும் லேக்கர்ஸ் கோச் ஜே.ஜே. ரெடிக் ஐந்து பேரைக் களமிறக்கினார்: லெப்ரான் ஜேம்ஸ், லூகா டான்சிச், ஆஸ்டின் ரீவ்ஸ், ரூயி ஹாச்சிமுரா, டோரியன் ஃபின்னி-ஸ்மித். அப்புறம் ஆட்டம் முடியும்வரை ஒருவரைக்கூட மாற்றவில்லை. இரண்டாம் பாதியின் 24 நிமிடமும் அதே ஐவர்தான். பெஞ்சில் இருந்தவர்கள் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றாம் கால்பகுதி முடியும்போது லேக்கர்ஸ் 94-84 என முன்னால் இருந்தது. கடைசிக் கால்பகுதியில் மினசோட்டா 32 எடுத்தது, லேக்கர்ஸ் 19. முடிவு 116-113. ஆன்டனி எட்வர்ட்ஸ் 43 புள்ளி. லெப்ரான் 27 எடுத்திருந்தார், ஆனால் அந்தக் கடைசிக் கால்பகுதியில் அவர் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. அவருக்கு அப்போது வயது 40.

ரசிகர்களிடையே சண்டை உடனே ஆரம்பித்தது. "நாற்பது வயசு ஆளை மூச்சு விடாமல் ஓட விட்டால் வேறென்ன நடக்கும்?" என்று ஒரு கட்சி. "அவர் இல்லாவிட்டால் ஆட்டமே அவ்வளவு தூரம் வந்திருக்காது" என்று இன்னொரு கட்சி. "வயசெல்லாம் சும்மா, மினசோட்டாவோடு மேட்ச்அப் சரியில்லை, அவ்வளவுதான்" என்று மூன்றாவது கட்சி. ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த மூன்று குரலையும் கேட்கலாம், பெயர்கள் மட்டும் மாறும். போன தலைமுறைக்குக் கரீம், அப்புறம் டங்கன், இன்று லெப்ரான், கரி, டுரான்ட், ஹார்டன்.

மேட்ச்அப், அதாவது யாருக்கு எதிரே யார் நிற்கிறார் என்ற பொருத்தம். அந்த விவாதத்தையும் வயது விவாதத்தையும் ரசிகர்கள் தனித்தனியாக வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றே என்று தோன்றுகிறது. ஒரு நட்சத்திரம் இந்த வருடம் "வயதானவரா" என்பதை எதிரே நிற்கும் அணிதான் தீர்மானிக்கிறது. பிறந்த தேதி அதற்கு ஒரு குறிப்பு மட்டுமே.

முதலில் பிளேஆஃப் எப்படிப்பட்ட சோதனை என்று பார்ப்போம். ரெகுலர் சீசனில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். ஒரே எதிரணியை அதிகபட்சம் நான்கு முறை சந்திப்பார்கள், அதுவும் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு. இன்று டென்வர், நாளை மறுநாள் ஃபீனிக்ஸ் என்று ஓடும்போது எதிரணியின் பலவீனத்தை உட்கார்ந்து ஆராய யாருக்கும் நேரமில்லை. பிளேஆஃபில் 16 அணிகள். கிழக்கு, மேற்கு கான்ஃபரன்ஸ்களில் எட்டு எட்டு. ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், முதலில் நான்கு வென்றவர் அடுத்த சுற்றுக்கு. கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், அதே எதிரணி, அதே முகங்கள். முதல் ஆட்டத்தில் ஒரு ஓட்டை தெரிந்தால் இரண்டாவது ஆட்டத்தில் அங்கேயே கடப்பாரை விழும்.

அதோடு ஆட்களும் குறைவார்கள். சீசனில் ஒன்பது பத்துப் பேரைச் சுழற்றிய கோச், பிளேஆஃபில் ஏழெட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வார். நட்சத்திரங்களின் நிமிடங்கள் ஏறும். ஜனவரியில் 33 நிமிடம் ஆடியவர் மே மாதத்தில் 40 ஆட வேண்டியிருக்கும்.

இப்போது "வேட்டை" என்ற விஷயத்துக்கு வரலாம். பந்து வைத்திருப்பவருக்குச் சக வீரர் ஒருவர் வந்து ஸ்க்ரீன் போடுவார், அதாவது அவரைக் காத்துக்கொண்டிருக்கும் எதிரணி ஆளின் வழியில் தூண் மாதிரி நிற்பார். வழி அடைபட்டதால் காவலர்கள் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வார்கள். அதைத்தான் சுவிட்ச் என்கிறோம். இங்கேதான் சூட்சுமம். ஸ்க்ரீன் போட யார் வருகிறார் என்பதை நாம் தேர்ந்தெடுத்தால், கடைசியில் நம் நட்சத்திரத்தின் எதிரே யார் வந்து நிற்பார் என்பதையும் நாமே தேர்ந்தெடுத்துவிடலாம். எதிரணியில் கால் மெதுவானவர் யாரோ, அவர் காக்கும் ஆளைக் கூப்பிட்டு ஸ்க்ரீன் போடச் சொன்னால் போதும். அந்த மெதுவான கால் தானாக வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்த சீசனில் 73 வெற்றி பெற்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், எதிரே கிளீவ்லாந்து கேவலியர்ஸ். 89-89 என்று சமநிலை, ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கிளீவ்லாந்தின் கைரி இர்விங்கைக் காத்துக்கொண்டிருந்தவர் வாரியர்ஸின் கிளே தாம்சன். ஜே.ஆர். ஸ்மித் ஸ்க்ரீன் போட்டார், தாம்சன் விலகி ஸ்டெஃபன் கரி எதிரே வந்தார். கைரி அவர் தலைக்கு மேல், கோட்டுக்கு வெளியே தூரத்திலிருந்து மூன்று புள்ளியைப் போட்டார். திரும்பிப் போய் வாரியர்ஸ் செய்ததும் அதே காரியம்தான். சுவிட்ச் வாங்கிக் கிளீவ்லாந்தின் கெவின் லவ்வைக் கரி முன்னால் கொண்டு நிறுத்தினார்கள். லவ் எப்படியோ தாக்குப்பிடித்தார், கரியின் வீச்சு தவறியது. ஒரு கோப்பையே யார் யாரை எதிரே இழுத்து நிறுத்தினார் என்பதில் முடிந்துபோனது. அப்போது கரிக்கு வயது 28தான். வேட்டைக்கு வயது தேவையில்லை. ஆனால் வேட்டைக்காரர் கையில் வயதானவர் ஒருவர் சிக்கினால் அவருக்குக் கொண்டாட்டம்.

நம்மூர் ஆட்களுக்கு இதைச் சொல்ல கிரிக்கெட்டை இழுத்தால் சுலபம். 2025 மார்ச்சில் சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். 16 பந்தில் 30 ரன், ஆட்டம் 50 ரன்னில் தோல்வி. அவரை ஏன் அவ்வளவு கீழே இறக்கினார்கள் என்ற சண்டை பல நாள் ஓடியது. ஆனால் கவனியுங்கள், கிரிக்கெட்டில் அப்படி ஓர் ஏற்பாடு செய்ய இடமிருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்காதவரைக் கடைசி ஓவர்களுக்காகப் பாதுகாத்து வைக்கலாம். கூடைப்பந்தில் அப்படி ஒரு ஒன்பதாவது இடம் கிடையாது. பந்தைக் கூடைக்குள் போட்ட அதே ஐவர் அடுத்த நொடி திரும்பி ஓடி மறுமுனையைக் காக்க வேண்டும்.

சரி, வயது முதலில் எதைப் பறிக்கிறது? ரசிகர்கள் பார்ப்பது புள்ளிக் கணக்கை. 2024-25 சீசனில் லெப்ரானின் சராசரி 24.4 புள்ளி, 7.8 ரீபவுண்ட் (தவறிய வீச்சைப் பிடிப்பது), 8.2 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்). லீகின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-என்.பி.ஏ. இரண்டாம் அணியிலும் இடம். இதைக் காட்டி "எங்கே ஐயா வயசு?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனால் புள்ளி எடுக்கும் திறமை கடைசியாகப் போகிற ஒன்று. வீச்சு, பாஸ், ஆட்டத்தைப் படிக்கும் கண் இதெல்லாம் நாற்பதிலும் இருக்கும், சிலருக்குக் கூர்மையாகக்கூட ஆகும். முதலில் போவது பக்கவாட்டில் நகரும் கால். அப்புறம் இரண்டாவது குதி: ஒருமுறை எம்பி, கீழே இறங்கி, உடனே மறுபடி எம்புவது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மீளும் வேகம். ஓர் ஆட்டத்தின் களைப்பு அடுத்த ஆட்டத்துக்குள் தீருவதில்லை. சில நேரம் முதல் பாதியின் களைப்பு இரண்டாம் பாதிக்குள்ளேயே தீருவதில்லை.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஆட்டம் 2023 மேற்கு கான்ஃபரன்ஸ் இறுதியின் நான்காவது ஆட்டம். டென்வர் நகெட்ஸுக்கு எதிராக லேக்கர்ஸ் 0-3 என்று பின்தங்கியிருந்தது. 38 வயது லெப்ரான் முதல் பாதியில் மட்டும் 31 புள்ளி குவித்தார். இருபது வருடம் முன்னால் திரும்பிவிட்டது போலிருந்தது. ஆட்டம் முழுவதிலும் அவர் வெளியே உட்கார்ந்தது நான்கே விநாடி. முடிவில் அவர் கணக்கு 40. அதாவது இரண்டாம் பாதியில் ஒன்பது. கடைசி விநாடியில் சமன் செய்யக் கூடையை நோக்கிப் பாய்ந்தவரை ஆரன் கார்டனும் ஜமால் மரேயும் மடக்கினார்கள். 113-111. நாற்பது புள்ளி என்று மட்டும் ஸ்கோர்கார்டில் படிப்பவருக்கு அது ஒரு வீர சாகசம். முப்பத்தொன்றையும் ஒன்பதையும் பிரித்துப் படிப்பவருக்கு வேறொரு கதை தெரியும்.

அந்த டென்வர் விஷயமும் மேட்ச்அப் பாடத்துக்கு உகந்தது. நிக்கோலா யோகிச்சையும் மரேயையும் தடுக்க லேக்கர்ஸிடம் விடையே இல்லை. 2023இல் 4-0, 2024இல் 4-1. 2024 ஏப்ரலில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஏழாம் எட்டாம் இடங்களுக்கான பிளே-இன் ஆட்டத்தில் லேக்கர்ஸ், நியூ ஓர்லியன்ஸ் பெலிகன்ஸோடு மோத வேண்டும். ஜெயித்தால் ஏழாவது இடம், எதிரே டென்வர். தோற்றால் இன்னோர் ஆட்டம் ஆடி எட்டாவது இடம் பிடிக்கலாம், எதிரே இளம் ஓக்லஹோமா சிட்டி தண்டர். ஜெயிப்பது நல்லதா தோற்பது நல்லதா என்று லேக்கர்ஸ் ரசிகர்கள் உண்மையிலேயே விவாதித்தார்கள்! முதலிடத்தில் இருந்த அணியைவிட இரண்டாமிடத்து அணியைக் கண்டு பயம். லேக்கர்ஸ் ஜெயித்தது, டென்வரிடம் போய்ச் சிக்கியது. இரண்டாவது ஆட்டத்தில் 20 புள்ளி முன்னிலையைத் தொலைத்து, மரேயின் கடைசி விநாடி வீச்சில் 101-99 என்று தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தையும் மரேயே முடித்துவைத்தார். "தோற்றிருக்கலாம்" என்று சொன்னவர்களை அன்று திட்டியவர்கள் அப்புறம் அமைதியாகிவிட்டார்கள்.

மேட்ச்அப் என்பது வெறும் சாக்கு என்று நினைப்பவர்கள் 2007ஐப் பார்க்க வேண்டும். டாலஸ் மேவரிக்ஸ் 67 வெற்றி, மேற்கில் முதலிடம். கோல்டன் ஸ்டேட் 42 வெற்றி, எட்டாமிடம். ஆனால் அந்த சீசனில் இரு அணிகளும் மோதிய மூன்று ஆட்டத்திலும் கோல்டன் ஸ்டேட்தான் ஜெயித்திருந்தது. கோல்டன் ஸ்டேட் கோச் டான் நெல்சன் முன்பு டாலஸில் கோச்சாக இருந்தவர். டிர்க் நொவிட்ஸ்கியை வளர்த்தவரே அவர்தான். எந்த இடத்தில் நெருக்கினால் டிர்க்குக்கு எரிச்சல் வரும் என்று வீட்டு ஆளுக்குத் தெரியாதா? ஸ்டீஃபன் ஜாக்சன் போன்ற, டிர்க்கைவிட உயரம் குறைந்த, வேகமான, முரட்டுக் கைகளை அவர்மேல் ஏவினார். டாலஸ் பயந்து முதல் ஆட்டத்திலேயே கூடைக்கு அடியில் நிற்கும் தன் உயரமான சென்டர்களை உட்கார வைத்து, எதிரணி போலவே சிறிய அணியாக மாறியது. 67 ஆட்டம் ஜெயித்துத் தந்த அமைப்பை ஒரே இரவில் கழற்றிவிட்டார்கள். அங்கேயே பாதித் தோல்வி. ஆறாவது ஆட்டத்தில் டிர்க் 13 வீச்சில் 2 மட்டுமே போட்டார். தொடர் 4-2. அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது அவருக்குத்தான், அதைத் தொடர் தோற்ற பிறகு வந்து வாங்கிக்கொண்டார். 28 வயதில் மேட்ச்அப்பால் நொறுங்கிய அதே டிர்க், 2011இல் 33ஐத் தொட்ட வேளையில் லெப்ரான், வேட், பாஷ் சேர்ந்த மயாமி ஹீட்டை வீழ்த்திக் கோப்பை தூக்கினார். இளமை கொடுக்காததை மேட்ச்அப் கொடுத்தது. ஒற்றைக் காலில் பின்னால் சாய்ந்து வீசும் அவருடைய ஆயுதத்தை எட்டும் உயரம் மயாமியில் யாருக்கும் இல்லை.

இந்த ஒற்றை ஆயுதக் கதையின் மூத்த உதாரணம் கரீம் அப்துல்-ஜப்பார். 1985 மே 27, பாஸ்டன் கார்டன், இறுதித் தொடர் முதல் ஆட்டம். பாஸ்டன் செல்டிக்ஸ் 148, லேக்கர்ஸ் 114. 38 வயது கரீமுக்கு 12 புள்ளி, மூன்றே மூன்று ரீபவுண்ட். ராபர்ட் பாரிஷ் அவரைத் தாண்டித் தாண்டி ஓடினார். கிழவர் முடிந்தார் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். கரீம் படச்சுருளைப் போட்டுத் தன் ஆட்டத்தைத் தானே பார்த்தார், சக வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது ஆட்டத்துக்குக் கிளம்பும்போது வீரர்களுக்கு மட்டுமான பேருந்தில் தன் அப்பாவையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கோச் பாட் ரைலியிடம் கேட்டார். ரைலி சரி என்றார். அன்று 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட், 3 பிளாக். தொடர் 4-2, இறுதித் தொடரின் சிறந்த வீரர் கரீம்.

அவருடைய ஸ்கைஹூக்குக்குப் பெரிய எம்பல் தேவையில்லை. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையை வானத்துக்கு நீட்டி, உச்சியிலிருந்து பந்தைச் சுண்டிவிடுவார். முழங்கால் தேய்ந்தாலும் கை நீளம் தேயாது. யோகாவும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1985இல் யாரும் கரீமை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இழுத்து நிறுத்தி வேட்டையாடவில்லை. மூன்று புள்ளி வீச்சு அன்று ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கொள்ள மட்டும். உயரமான ஆள் கூடைக்கு அடியிலேயே நின்று காக்கலாம். இன்று 38 வயது சென்டர் ஒருவரைக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து, எட்வர்ட்ஸ் மாதிரி ஒருவர் முன்னால் தனியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "அந்தக் காலத்து ஆட்கள்தான் நின்று ஆடினார்கள்" என்று பேசும் பெரிசுகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அந்த மாற்றத்தின் நடுவில் மாட்டிக்கொண்டவர் டிம் டங்கன். 2013 இறுதித் தொடர் ஆறாவது ஆட்டம், மயாமி. ஜெயித்தால் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கோப்பை. 37 வயது டங்கன் முதல் பாதியில் 25 புள்ளி போட்டிருந்தார். 28 விநாடி இருக்கும்போது ஸ்பர்ஸ் 94-89 என்று முன்னால். மயாமி மூன்று புள்ளி வீசத்தான் முயலும், எல்லா ஸ்க்ரீனையும் சுவிட்ச் செய்ய வேண்டும், அதற்கு டங்கனின் கால் போதாது. கோச் கிரெக் போப்போவிச் இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். டங்கனை வெளியே எடுத்தார். லெப்ரானின் வீச்சு தவறியது. ரீபவுண்ட் மயாமி கைக்கே போனது, லெப்ரான் மறுபடி வீசினார், உள்ளே. அடுத்த முறையும் டங்கன் பெஞ்சில். லெப்ரான் தவறவிட்டார், கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்து மூலைக்குத் தள்ள, ரே ஆலன் பின்னோக்கி நடந்தே போய் வீசினார். 5.2 விநாடி பாக்கி, 95-95. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100.

போப்போவிச் செய்தது தப்பா? இன்றுவரை ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். டங்கன் உள்ளே இருந்திருந்தால் அந்த ரீபவுண்டைப் பிடித்திருப்பார் என்பது உண்மையாக இருக்கலாம். டங்கன் உள்ளே இருந்திருந்தால் முதல் வீச்சிலேயே யாரோ தனியாக விடப்பட்டிருப்பார் என்பதும் உண்மையாக இருக்கலாம். என் கட்சி, அவரை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்பதுதான். அப்படிச் சொல்வது எனக்குச் சுலபம், முடிவு தெரிந்துவிட்டதே. ஆனால் அன்று மயாமியிலும் வயதானவர் ஒருவர் களத்தில் நின்றார். ரே ஆலனுக்கும் வயது 37. அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: கோட்டுக்கு வெளியே போய் நில், பந்து வந்தால் போடு. அதற்கு வயது குறுக்கே வரவில்லை.

அடுத்த வருடம் ஸ்பர்ஸ் அதே மயாமியை 4-1 என்று துவைத்து எடுத்தது. 2013-14 சீசனில் அந்த அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. இது தற்செயல் இல்லை. போப்போவிச் பல வருடமாகவே இதைச் செய்துவந்தார். 2012 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் டங்கன் ஏன் ஆடவில்லை என்பதற்கு ஸ்கோர்கார்டில் "ஓல்ட்" என்றே காரணம் போட்டிருந்தார்கள், கிழவர் என்று. அதே வருடம் நவம்பரில் நாடே பார்க்கும் மயாமி ஆட்டத்துக்கு முன்னால் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் வீட்டுக்கு அனுப்பினார். லீக் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. டிக்கெட் வாங்கி வந்த ரசிகருக்கு அது துரோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2014 ஜூனில் 38 வயது டங்கனுக்கு மூச்சு மிச்சமிருந்ததென்றால், அது அப்படிச் சேமித்த மூச்சு.

அந்தச் சண்டை இப்போது விதிப்புத்தகத்துக்குள்ளேயே போய்விட்டது. 2023இலிருந்து நட்சத்திர வீரர்களைக் காரணமில்லாமல் உட்கார வைக்க லீக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. 65 ஆட்டம் ஆடாவிட்டால் பெரிய விருதுகளுக்குத் தகுதியில்லை. ஆனால் சீசன் தொடங்கும்போது 35 வயதானவர்களுக்கும் 34,000 நிமிடம் ஆடி முடித்தவர்களுக்கும், அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் ஒன்றை விட்டுவிட முன்னனுமதி கேட்கலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, முதியவர் யார் என்பதற்கு லீகிடம் ஓர் அதிகாரபூர்வ எண் இருக்கிறது.

பணக் கணக்கும் குறுக்கே வரும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025-26இல் கரியின் சம்பளம் 5.96 கோடி டாலர், லெப்ரானுடையது 5.26 கோடி. அந்த சீசனின் சம்பள உச்சவரம்பு அணிக்கு 15.46 கோடி. ஒருவருக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், அவரை மறைத்துக் காக்கும் இளங்கால்களை வாங்கக் காசு எங்கே? கரியின் 2025ஐப் பாருங்கள். 37 வயதில் இரண்டாமிடத்து ஹூஸ்டன் ராக்கெட்ஸை ஏழு ஆட்டத்தில் வீழ்த்தினார். இரண்டு நாள் கழித்து மினசோட்டாவில் முதல் ஆட்டம். 13 நிமிடத்தில் 13 புள்ளி, அப்புறம் தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தை வாரியர்ஸ் எப்படியோ ஜெயித்தது. அடுத்த நான்கையும் வரிசையாகத் தோற்றது. கரி திரும்பி வரவே இல்லை. அவர் மோசமாக ஆடினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஹூஸ்டனின் முரட்டு இளசுகளோடு ஏழு ஆட்டம் முட்டிமோதாமல் நான்கில் முடித்திருந்தால் அந்தத் தசை தாங்கியிருக்குமோ என்று கேட்கலாம். அதுவும் மேட்ச்அப் கேள்விதான்.

லேக்கர்ஸ் கதைக்குத் திரும்புவோம். 2025 பிப்ரவரியில் ஆன்டனி டேவிஸைக் கொடுத்து டான்சிச்சை வாங்கினார்கள். அது லாபம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் டேவிஸ் போனதும் கூடைக்கு அடியில் நிற்க ஆளில்லை. மார்க் வில்லியம்ஸ் என்ற உயரமான இளைஞரை வாங்கப் பேசி முடித்தார்கள், மருத்துவப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்த வியாபாரத்தை லேக்கர்ஸே ரத்து செய்தது. ஜாக்சன் ஹேய்ஸ் முதல் நான்கு ஆட்டமும் தொடங்கினார், ஐந்தாவதில் களம் இறங்கவே இல்லை. விளைவு, மினசோட்டாவின் ரூடி கோபேர், ஜூலியஸ் ராண்டில், நாஸ் ரீட் என்ற மூன்று மலைகளோடு மல்லுக்கட்டும் வேலை 40 வயதுக்காரர் தலையில் விழுந்தது. சீசன் முழுக்க அவரை ஓரமாக நிறுத்தி, கண்ணால் காவல் காக்கவிட்டுப் பாதுகாத்தார்கள். மினசோட்டா அந்த ஓரத்தையே காலி செய்துவிட்டது. ஐந்தாவது ஆட்டத்தில் மினசோட்டா 47 மூன்று புள்ளி வீச்சில் ஏழே ஏழு போட்டது. வேறெந்த அணியாவது அப்படி வீசினால் கதை முடிந்திருக்கும். ஆனால் கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் எடுத்தார். தவறிய வீச்செல்லாம் அவர் கைக்கே திரும்பி வந்தது. 103-96, தொடர் 4-1. லெப்ரானின் முழங்கால் தசைநாரும் அன்று சுளுக்கிக்கொண்டது. மூன்றாமிடத்து அணி, ஆறாமிடத்து அணியிடம் தோற்றது. இரண்டுக்கும் இடையே வெற்றி வித்தியாசம் ஒன்றே ஒன்று: 50, 49.

டேவிஸோடு போயிருந்தால் லெப்ரான் இளமையாகத் தெரிந்திருப்பாரா? தெரிந்திருப்பார் என்றே நினைக்கிறேன். எதிரணி ஹூஸ்டனாகவோ மெம்ஃபிஸாகவோ இருந்திருந்தால்? அது வேறு சண்டை, அதை டீக்கடைக்கு விட்டுவிடுகிறேன்.

இந்தப் பேச்சில் நான் கடைசியாக எடுத்துவைப்பது எப்போதும் கிறிஸ் பாலின் 2022தான். ஃபீனிக்ஸ் சன்ஸ் அந்த வருடம் 64 வெற்றி, லீகிலேயே முதலிடம். ஏப்ரல் 28, நியூ ஓர்லியன்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் பால் 14 வீச்சு வீசினார், பதினான்கும் உள்ளே. ஒன்றுகூடத் தவறாமல் அத்தனை கூடைகளை பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் அதற்கு முன் யாரும் போட்டதில்லை. அடுத்த சுற்று டாலஸ். முதல் இரண்டு ஆட்டமும் சன்ஸுக்கே, இரண்டாவதில் பால் 28 புள்ளி. மூன்றாவது ஆட்டம் மே 6, அவருடைய 37ஆவது பிறந்தநாள். அன்று முதல் பாதியில் மட்டும் ஏழு முறை பந்தைப் பறிகொடுத்தார். டாலஸ் கோச், ரெஜி புல்லக் என்ற நீண்ட கைக்காரரை மைதானத்தின் முழு நீளத்துக்கும் பால் மேல் ஏவியிருந்தார். பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவருவதற்கே மல்லுக்கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும். மறுமுனையில் டான்சிச் ஸ்க்ரீன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாலைத் தன் எதிரே வரவழைத்தார். நான்காவது ஆட்டத்தில் பால் 5 புள்ளியோடு, ஃபவுல் வரம்பைத் தொட்டு வெளியேறினார்.

மே 15, ஏழாவது ஆட்டம், ஃபீனிக்ஸின் சொந்த மண். இடைவேளையில் டாலஸ் 57, ஃபீனிக்ஸ் 27. டான்சிச் ஒருவரே 27. பதினான்குக்குப் பதினான்கு போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அந்தத் தொடர் முழுக்க டாலஸ் பக்கம் கோச்சாக நின்றவர் ஜேசன் கிட். 2011இல் டிர்க்கோடு கோப்பை வென்ற அணியின் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். அப்போது அவருக்கு வயது 38.